ரப்பர் ரிட்லி

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சார்ந்த சிற்றூர் தேர்வாய் கண்டிகை. ஏரியும் வயலும் ஆடுமாடுகள் மேயும் காடும் சூழ்ந்து கிடந்த அவ்வூரின் பெயர் இன்று தொழிலுலகில் பலரும் அறிந்ததொன்றாயிற்று. அரசினர் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா ஒன்றை நிறுவினர். தம் கால்நடைகளுக்கு உரிய மேய்ச்சற்காடு கைவிட்டுப் போவதைக் கண்ட ஊரார் அதனை எதிர்த்துப் போராடியதும் உண்டு. பிரான்சு நாட்டு மிச்சலின் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் தமிழக அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அப்பூங்காவில் பெரியதொரு டயர்த் தொழிற்சாலையை எழுப்பினர். லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய டயர்களே முதற்கண் அங்கே உருவாயின.

டயருக்கு உயிராய் நிற்பது ரப்பர். கல்லெண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் இந்நாளில் பெருகியிருப்பினும், பெரும்பாரம் தாங்கும் லாரி டயர்களுக்கும் வானூர்திச் சக்கரங்களுக்கும் மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பரே மிகுதியும் வேண்டப்படுகிறது. அப்பாலைத் தரும் மரமோ திருவள்ளூர் மண்ணுக்கு உரியதன்று. மழையும் வெப்பமும் ஈரமும் இடையறாது வேண்டும் அம்மரம், தமிழ்நாட்டில் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சாரலிலேயே வளர்கிறது. அங்கும் அது மண்ணின் மரமன்று; கடல் கடந்து வந்த மரம். அதன் தாயகம் தென்னமெரிக்காவில் அமேசான் ஆறு பாயும் பெருங்காடு. காட்டில் தானே முளைத்துத் தானே மடிந்த ஒரு மரத்தை, உழவன் நட்டுப் பயன்கொள்ளும் பயிராக ஆக்கியவர் யாவர் என்று வினவின், பலர் பெயரைச் சொல்லலாம். ஆயினும் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் தாவரநூல் அறிஞரே ஆவார்.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியாகிய நார்போக்கில் வெஸ்ட் ஹார்லிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் திருச்சபைக் குரு. அன்னையாரை ரிட்லி மிக இளமையிலேயே இழந்தார். பூச்சி, புள், பூண்டு என்று கண்ணிற் பட்டவற்றையெல்லாம் உற்றுநோக்கும் இயல்பு அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வாய்த்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1880ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் காட்சிச்சாலையின் தாவரப் பிரிவில் அலுவல் ஏற்றார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவியும் உலர்ந்த செடிகளுக்கு இனமும் பெயரும் கண்டறிந்து வைப்பதே ஆங்கு அவர் பணி. ஆயினும் தாளில் ஒட்டிய செடியோடு அவர் மனம் அமையவில்லை. 1887ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக்குக் கிழக்கே கடலிற் கிடக்கும் பெர்னாண்டோ டி நொரோன்யா என்னும் தீவுக்குச் சென்று ஆராய்ந்து திரும்பினார். மறுவருடம் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. தோட்டங்களோடு காடுகளையும் காக்கும் பொறுப்பு அப்பதவிக்கு உண்டு.

அவர் சிங்கப்பூரில் கால்வைத்த அதே 1888ஆம் ஆண்டில், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மைந்தனின் மிதிவண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த ரப்பர் வளையமொன்றைச் செய்து அதன் சக்கரத்தில் மாட்டினார். ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவர் செயல்களும் இருபது ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று பிணைந்து உலக வாணிகத்தையே மாற்றும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

ரப்பர் அதற்கு முன்பே அறியப்பட்ட பொருள்தான். ஆனால், கோடையில் உருகிக் குழையும். குளிரில் இறுகி வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி இக்குறையை நீக்கினார். அன்றுமுதல் ரப்பரின் தேவை ஏறிக்கொண்டே வந்தது. அதனைத் தரும் மரங்களுட் சிறந்தது பிரேசில் நாட்டுப் பாரா ரப்பர் மரம். அம்மரத்தைத் தம் ஆட்சிக்குட்பட்ட கீழ்நாடுகளில் வளர்க்க விரும்பிய ஆங்கிலேயர், அதன் விதைகளைத் தேடினர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் சேர்ப்பித்தார். நூற்றுக்கு ஐந்து விதைகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில தாவரத் தோட்டத்திலும், சில பேராக் நாட்டில் குவாலா கங்சார் என்னும் ஊரிலும் நடப்பட்டன.

விதை வந்தது, கன்றும் வளர்ந்தது. ஆயினும் பயிர் தோன்றவில்லை. பதினோராண்டு அம்மரங்கள் பார்ப்பாரின்றி நின்றன. காரணம் யாதெனின், அவற்றிலிருந்து பாலைப் பெறும் முறை ஒருவர்க்கும் தெளிவாகத் தெரியாமையே. பிரேசில் காட்டில் பாலெடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். வெட்டுவாய் வழியே ஒழுகும் பாலைச் சிறு கிண்ணங்களில் ஏந்திக் கொள்வர். கொத்துண்ட மரம் காலப்போக்கில் முண்டும் முடிச்சுமாய்த் தடித்துப் பயனற்றுப் போகும். பெருங்காட்டில் மரங்களுக்குப் பஞ்சம் இல்லாமையால் அதனைப் பற்றி அங்கே எவரும் கவலவில்லை. மலாயாவிலேயே இதனினும் கொடிய முறை ஒன்று நடந்து வந்தது. கடலடியில் இடும் தந்திக் கம்பிகளுக்கு உறையாக உதவும் குட்டா பெர்ச்சா என்னும் பிசினை எடுப்பதற்காக, அம்மரங்களை அடியோடு வெட்டி வீழ்த்தினர். சில பத்தாண்டுகளில் காடுகள் பலவற்றில் அம்மரம் அரிதாயிற்று. நட்டு நீர்வார்த்து ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும் தோட்டக்காரன், ஒருமுறை பாலெடுத்ததும் மடியும் மரத்தை ஏன் நடுவான்?

ரிட்லி வந்து சேர்ந்தபோது, பழைய கன்றுகளுட் பிழைத்தவை ஓங்கி வளர்ந்து காய்த்திருந்தன; அவற்றின் வழித்தோன்றிய இளமரங்களும் புதர் மண்டிய நிலத்தில் நின்றன. அவர் புதரை அகற்றச் செய்தார். 1889ஆம் ஆண்டு தொடங்கி அம்மரங்களில் ஆய்வு நிகழ்த்தலானார்.

மரத்தின் புறத்தே இருப்பது வறண்ட மேற்பட்டை. அதனுள்ளே பாற்குழாய்கள் செறிந்த மென்பட்டை. அதற்கும் உள்ளே, மரத்தைப் போர்த்தினாற்போன்று, மிக மெல்லிய வளர்படலம் ஒன்றுண்டு. வெளிநோக்கிப் புதுப்பட்டையையும் உள்நோக்கிப் புதுமரத்தையும் உண்டாக்குவது அப்படலமே. கோடரி அதனைப் பிளப்பதனாலேயே மரம் கெடுகிறது. படலத்தைத் தீண்டாது மென்பட்டையின் ஆழமளவே கீறின், பாலும் வரும். பட்டையும் சில ஆண்டுகளில் மீண்டும் தழைத்து மூடிக்கொள்ளும். ஓர் அங்குலத்திற் சிறு பகுதியே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான ஏக்கர் தோட்டங்கள் எழுந்தது இந்நுண்ணிய வேறுபாட்டின் மீதுதான் என்று சொல்லின் அது மிகையாகாது.

அவர் கண்ட மற்றொன்று இதனினும் வியப்புடையது. ஒருநாள் வெட்டிய வாயின் கீழ்விளிம்பை அடுத்த முறை மெல்லிய சீவலாக இழைத்தெடுத்தால், பழைய புண்ணே மீண்டும் பால் சொரியும். முதல்நாளிற் சிறிதே சுரந்த மரம், அடுத்தடுத்த நாள்களில் மிகுதியாகச் சுரக்கும். கறவைப் பசுவின் மடிபோல் மரமும் கறக்கக் கறக்கச் சுரக்கும் இயல்புடையதாயிற்று. எனவே ஆங்காங்கே கொத்துவதை விடுத்து, மரத்தின் நெடுகே ஒரு கால்வாய் கீறி, அதன் இருமருங்கும் சாய்வாக வந்து கூடும் கிளைவாய்களை அமைத்தார். பார்ப்பதற்கு மீன்முள்ளை ஒத்திருந்த அவ்வமைப்பில், எல்லா வாய்களினின்றும் ஒழுகும் பால் அடியில் வைத்த ஒரே கிண்ணத்தில் வந்து நிறைந்தது. எத்துணைப் பருமன் உற்ற மரத்தை வெட்டத் தொடங்கலாம், எத்தனை நாளுக்கொருமுறை வெட்டலாம், எப்பொழுதிற் பால் மிகும் என்பவற்றையெல்லாம் அளந்து குறித்தார். கதிரவன் ஏறுமுன் வெட்டிய மரமே நிறையப் பால் தந்தது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும், பாற்குழாய்களின் அழுத்தம் தளரும், ஒழுக்கும் குறையும். இதே காலத்தை ஒட்டி இலங்கையில் ஜான் பார்க்கின் என்னும் அறிஞரும் இவ்வியல்புகளை ஆராய்ந்து, அமிலம் கலந்து பாலை உறையச் செய்யும் முறையை விளக்கினார். அப்பெருமையில் அவர்க்கும் பங்குண்டு.

விதையிலும் ஓர் இடர் இருந்தது. ரப்பர் விதை எண்ணெய்ப்பசை மிக்கதாகலின் விரைவில் உயிர் இழந்துவிடும். கியூ தோட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முளையாதொழிந்தது இதனாலேயே. ரிட்லி விதைகளை ஈரமாக்கிய கரித்தூளில் புதைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பிப் பார்த்தார். நெடுந்தொலைவு சென்றும் அவை முளைத்தன. கரித்தூள் எளிய பொருள்தான். ஆயினும் புதிய பயிர் ஒன்று நாடுவிட்டு நாடு செல்வதற்கு இத்தகைய எளிய பொருளே பெரும்பாலும் வழி திறக்கின்றது.

இவ்வளவும் கண்டறிந்தபின்னும் ரப்பரை நடுவார் இல்லை. அக்காலத்து மலாயாத் தோட்டக்காரர்கள் காப்பியிலும் மரவள்ளியிலும் மிளகிலும் பொருளீட்டிக் கொண்டிருந்தனர். நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்தாலன்றிப் பயன் தாராத மரத்தைக் கேட்டு அவர்கள் நகைத்தனர். ரிட்லியோ எடுத்த கருமத்திற் பிடிவாதம் மிக்கவர். தோட்டம் காண வந்தோரையெல்லாம் ரப்பர் மரத்தடிக்கு அழைத்துச் சென்று பால் வெட்டிக் காட்டுவார். விடைபெறுவோர் கையிலும் சட்டைப்பையிலும் விதைகளைத் திணித்து அனுப்புவார். பித்தர் ரிட்லி என்றொரு பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அரசாங்க மேலிடத்தாரும் அயல்நாட்டு மரத்தில் காலத்தைப் போக்க வேண்டா என்று அவருக்கு அறிவுறுத்தினர் என்பர். அவர் கேட்டாரில்லை. அவர் பொழுது முழுவதும் ரப்பரிலேயே கழிந்தது என்றும் கருதிவிடலாகாது. மலாய் மக்கள் மருந்தாகக் கொள்ளும் பச்சிலைகளையும் அவர்கள் செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும் தொகுத்து எழுதினார். தோட்டத்திலிருந்த சிறு விலங்குக் கூடத்தையும் பேணினார்.

நிலைமை மாறியது காப்பியின் வீழ்ச்சியால். பிரேசில் நாட்டுக் காப்பி சந்தையில் வந்து குவிய, அதன் விலை சரிந்தது. மலாயாக் காப்பித் தோட்டங்களைப் பூச்சியும் அழித்தது. இலங்கையிலோ 1869ஆம் ஆண்டு முதலே இலைத்துரு நோய் காப்பியைத் தாக்கி, தோட்டக்காரரைச் சின்கோனாவுக்கும் தேயிலைக்கும் விரட்டியிருந்தது. ஒரு பயிர் கைவிட்டபோதுதான் மாந்தர் மற்றொரு பயிரை நாடுகின்றனர். ஆனால், கைவிடும் நாளில் மாற்றுப்பயிர் அணியமாக இருத்தல் வேண்டுமே! அதனை அணியம் செய்து வைத்திருந்தவர் ரிட்லி. மலாக்காவில் வாழ்ந்த சீனப் பெருவணிகர் டான் சே யான் என்பார், ரிட்லியின் சொல்லை நம்பி 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் அதனைப் பெருக்கினார். வணிகர் ஒருவர் தம் பொருளை இட்டு நட்டதைக் கண்டபின்னரே பிறருக்கும் துணிவு பிறந்தது.

அப்போது சக்கரங்களும் சுழலத் தொடங்கிவிட்டன. 1895ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில், மிச்சலின் உடன்பிறந்தார் இருவர் காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டினர். பந்தயத்தில் அவர்கள் வெல்லவில்லை. வழியெல்லாம் டயர் பழுதுற்றது. எனினும் மோட்டார் வண்டிக்கும் அத்தகைய டயர் ஏற்றதே என்பது புலனாயிற்று. தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை எழுப்பிய நிறுவனம் அவ்வுடன்பிறந்தார் வளர்த்ததே. 1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு எளிய விலையில் மோட்டார் வண்டிகளைச் செய்து விற்கலானார். ரப்பரின் விலை 1910ஆம் ஆண்டில் விண்ணை எட்டிற்று. நேற்று நகைத்தவர்களெல்லாம் இன்று விதை கேட்டுச் சிங்கப்பூர்த் தோட்டத்தின் வாயிலில் நின்றனர். 1920ஆம் ஆண்டளவில் மலாயாவில் மட்டும் 20 இலட்சம் ஏக்கருக்கு மேல் ரப்பர் நின்றது. உலகிற்கு வேண்டிய ரப்பரில் ஏறத்தாழப் பாதியை அந்நாடு அளித்தது.

காட்டு ரப்பரின் கதை குருதி தோய்ந்தது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலும், தென்னமெரிக்காவில் புட்டுமாயோ ஆற்றங்கரையிலும், ரப்பர் கொணருமாறு பழங்குடி மக்களை அடித்தும் கொன்றும் வதைத்த கொடுமைகளை ரோஜர் கேஸ்மெண்ட் என்பவர் உலகறியச் செய்தார். தோட்ட ரப்பர் மலிந்தபின் காட்டு ரப்பருக்கு விலை இல்லாமற்போயிற்று. அவ்வகையில் ரிட்லியின் கத்தி ஒரு கொடுமையின் வேரை அறுக்க உதவியது எனலாம். ஆனால், தோட்டங்களிலும் துயரம் இல்லாமற் போகவில்லை. அத்துயரத்தைப் பெரிதும் சுமந்தவர் தமிழர்.

காட்டை அழித்து, கன்று நட்டு, பால் வெட்டப் பல்லாயிரம் கைகள் வேண்டியிருந்தன. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை எளியோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தபின், கங்காணிகள் தத்தம் ஊர்களுக்கு வந்து ஆள் சேர்த்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடுக்கும் வரை அது நீடித்தது. வரிசையாக அமைந்த லயங்களில் அவர்கள் குடியிருந்தனர். காய்ச்சலிலும் கழிச்சலிலும் மாண்டோர் பலர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, இருளோடு இருளாகத் தோட்டத்துக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டி, மங்குகளில் நிறைந்ததை வாளியிற் கொட்டிச் சுமந்து வருவர். கதிரவன் ஏறுமுன் பால் மிகும் என்று ரிட்லி கண்ட உண்மைதான், கைக்குழந்தையை உறக்கத்தில் விட்டுத் தமிழ்ப் பெண்டிரைக் கோழி கூவுமுன் எழச் செய்தது. வளர்படலத்தில் கத்தி படாமல் பட்டையைச் சீவும் நுண்திறன் அப்பெண்டிர் கைகளில் ஊறிக் கிடந்தது. அறிஞர் நூலில் எழுதிய ஒன்றை ஆயிரமாயிரம் மரங்களில் நாள்தோறும் செய்து காட்டியவர்கள் அவர்களே. அவர்கள் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை. கூலியையும் குடியிருப்பையும் வகுத்தவர் ரிட்லி அல்லர். எனினும் அவர் வாழ்வைச் சொல்லுமிடத்து இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

1907ஆம் ஆண்டில் லண்டன் அரச கழகம் ரிட்லியைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. 1911ஆம் ஆண்டில் அவர் பணியினின்று ஓய்வுபெற்று, தாயகம் திரும்பிக் கியூ தோட்டத்தின் அருகே குடியேறினார். ஓய்வு என்பது பெயரளவே. மலாயாவின் தாவரங்களையெல்லாம் வகுத்துரைக்கும் பெருநூலை 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். காற்றாலும் நீராலும் பறவையாலும் விலங்காலும் செடிகள் உலகெங்கும் பரவும் வகையை விரித்துரைக்கும் மற்றொரு பெருநூல் 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. கரித்தூளில் விதையைப் பொதிந்து ஒரு மரத்தை நாடெங்கும் பரப்பியவர் அத்தகைய நூலை எழுதியது பொருத்தமே.

இக்காலத்தில் ரப்பரின் தாயகத்தில் வேறொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆசியத் தோட்டங்களை நம்பியிராது தமக்கெனத் தனித்தோட்டம் வைக்க விரும்பிய ஹென்றி போர்டு, 1928ஆம் ஆண்டில் தபாஜோஸ் ஆற்றங்கரையிலேயே காட்டைத் திருத்தி ரப்பர் நடுவித்தார். மரத்தின் சொந்த மண்ணிலேயே அம்முயற்சி தோற்றது. காட்டில் ஒன்றுக்கொன்று தொலைவாக நின்ற மரங்களுக்கு அத்துணைத் தீங்கு செய்யாத இலைக்கருகல் நோய், நெருக்கமாக நட்ட தோட்டத்தில் தீப்போற் பரவி இலைகளை உதிர்த்துவிட்டது. விக்கம் கொணர்ந்த விதையோடு அந்நோயின் நுண்பூஞ்சை கடல் கடந்து வாராமையே ஆசியத் தோட்டங்கள் பிழைத்தமைக்குக் காரணம். ஆசியத் தோட்டங்களில் நின்ற மரங்களிற் பெரும்பாலானவை அச்சில கன்றுகளின் வழிவந்தனவே. ஒரே குடியிற் பிறந்த மரங்களாகலின், அந்நோய் இங்கு வருமாயின் எதிர்நிற்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. இவ்வச்சம் இன்றும் ஆராய்ச்சியாளரை விட்டு நீங்கவில்லை.

1942ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. ரிட்லிக்கு அப்போது வயது 86. அவர் வளர்த்த தோட்டத்தை, ஹோல்ட்டம், கார்னர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஜப்பானிய அறிஞர்களின் கீழ் இருந்து காத்தனர். ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழர் பல்லாயிரவரைச் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டுசென்றனர். அவருட் பெருந்தொகையினர் மீளவில்லை. இயற்கை ரப்பரின் வரவு அறுந்த அமெரிக்க நாடு, செயற்கை ரப்பரை விரைந்து பெருக்கியதோடு, மெக்சிகோவின் வறண்ட நிலத்துக் குவாயூல் என்னும் புதரைக் கலிபோர்னியாவிற் பயிரிட்டது. நம் வயல்வரப்புகளில் களையாகப் பரவி மாணாக்கர் நன்கறிந்த பார்த்தீனியத்திற்கு அது நெருங்கிய உறவு. சோவியத்து நாட்டினர் கசாக்கிய மலைகளில் கண்ட ஒருவகைச் சீமைக்காட்டு முள்ளங்கியின் வேரிலிருந்து ரப்பர் எடுத்தனர். போர் முடிந்ததும் மலாயா ரப்பர் மீண்டும் வரவே, குவாயூல் வயல்கள் அழிக்கப்பட்டன. பல்லாண்டு கழித்து அதன்மீது மீண்டும் நாட்டம் பிறந்தது. மரப்பாலிற் செய்த கையுறையிலுள்ள சில புரதங்கள் மருத்துவமனைப் பணியாளர் சிலர்க்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. குவாயூலின் பாலில் அப்புரதங்கள் இல்லை. ஆகவே மருத்துவக் கையுறைக்கும், நீர் குறைந்த நிலத்து வேளாண்மைக்கும் அது ஏற்றதாகுமா என்று ஆய்ந்து வருகின்றனர். டயர் நிறுவனங்களும் அப்புதரை விட்டுவைக்கவில்லை. 1888இல் ரப்பர் மரம் நின்ற நிலையில் இன்று குவாயூல் நிற்கிறது. விதை உண்டு, செடியும் வளர்கிறது. மலிவாகப் பயன்கொள்ளும் வழியே இன்னும் முற்றும் கைகூடவில்லை.

ரிட்லி தம் முதுமையிலும் கியூ தோட்டத்தின் செடிகளையும் நூல்களையும் மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டில் லின்னேயக் கழகத்தார் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர். பித்தர் என்று பழித்தவர்களும், அவரிடம் விதை வாங்கிச் செல்வம் குவித்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துபோக, அவர் மட்டும் நெடுநாள் வாழ்ந்தார். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு நூறாண்டு நிறைந்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் கியூவில் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். மலாயா விடுதலை பெற அப்போது இன்னும் பத்துத் திங்கள் இருந்தன; அந்நாட்டின் தோட்டங்களில் அன்று காலையும் பால் வெட்டுவோர் இருளிலேயே எழுந்து சென்றிருந்தனர்.